காண்டல், கருதல், உரை: மலையக இலக்கியத் திறனாய்வும் இடைச்சொற்களும்

மலையக இலக்கியம் பற்றிய கட்டுரைகள் இன்று எண்ணிக்கையிற் குறைந்தனவல்ல. நூல் வெளியீட்டு விழா மலர்களிலும், பாடசாலை ஆண்டு மலர்களிலும், பட்டப்படிப்புக்கெனச் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகளிலும் ஹற்றனும் நுவரெலியாவும் தலவாக்கலையும் ஓயாது பேசப்படுகின்றன. தரவு இல்லை என்ற பழைய முறைப்பாடும் பெருமளவு தீர்ந்துள்ளது. எனினும், இக்கட்டுரைகள் பலவற்றைத் தொடர்ந்து படிக்கும் மாணவர் ஒருவருக்கு ஒரு மயக்கம் எஞ்சி நிற்கின்றது. எது நிகழ்ந்தது, எது அந்நிகழ்ச்சியிலிருந்து ஊகிக்கப்பட்டது, எது பிறர் சொன்னது என்ற வேறுபாடு அவற்றிற் புலப்படுவதில்லை. குறை தரவில் இல்லை; தரவையும் கருத்தையும் இணைக்கும் சொற்களிலேயே உள்ளது. ‘ஆகவே’, ‘எனவே’, ‘எனினும்’, ‘போலும்’, ‘என்பர்’, ‘ஏறத்தாழ’ ஆகிய சிறு சொற்களின் வழக்கும் வழுவும் திறனாய்வின் நேர்மையை நிர்ணயிக்கின்றன என்பது விரிவாக நோக்கத்தக்கது.

தமிழ் இலக்கண மரபு இச்சொற்களைச் சிறியனவாகக் கருதவில்லை. தொல்காப்பியர் இடைச்சொற்களுக்கென ஓர் இயலையே வகுத்தார். அவை தனித்து நடக்கும் இயல்பின அல்ல. பெயரையும் வினையையும் சார்ந்தே பொருள் தருவன. ஆயினும், சார்ந்து நிற்கும் அச்சிற்றுறுப்பே கூற்றின் தன்மையை மாற்றிவிடுகின்றது. ஏகாரத்துக்கு ஐந்து பொருளும், ஓகாரத்துக்கு ஆறு பொருளும், உம்மைக்கு எட்டுப் பொருளும் அவ்வியலிற் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. ‘மன்ற’ என்பது தேற்றத்தையும் ‘கொல்’ என்பது ஐயத்தையும் உணர்த்தும். பேசுபவன் தான் கூறும் பொருளை எவ்வளவு உறுதியோடு கூறுகின்றான் என்பதைக் கேட்பவனுக்கு அறிவிக்கும் கடமை இவற்றுக்குரியது. உரையாசிரியரும் இக்கடமையை மறந்தாரல்லர். பிறர் கொள்கையை ‘என்பாரும் உளர்’ என்று வேறாக நிறுத்தி, ‘என்னை?’ என வினவி, ‘ஆகலின்’ எனக் காரணம் காட்டித் தம் முடிபைக் கூறும் முறை, கருத்துக்கும் சான்றுக்கும் இடையே அவர்கள் இட்ட வேலியாகும்.

இலக்கணத்தோடு அளவை மரபும் இங்குத் துணைபுரிகின்றது. மணிமேகலை பத்து அளவைகளை எடுத்தோதுகின்றது. சிவஞானசித்தியாரோ பலவாகக் கூறப்படும் அளவைகள் யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என அமைதி காண்கின்றது. சமய உண்மைகளை நிறுவுவதற்கென எழுந்த பாகுபாடாயினும், திறனாய்வாளனுக்கு இதனினும் எளிய கருவி வேறில்லை. கண்டது காண்டல், கண்டதிலிருந்து உய்த்துணர்ந்தது கருதல், பிறர் வாய்க்கேட்டு ஏற்றது உரை. இம்மூன்றுக்கும் தமிழ் உரைநடையில் தனித்தனி அடையாளச் சொற்கள் உள்ளன. ஆண்டும் அளவும் பெயரும் பெற்று நேரே முடியும் வினைமுற்றுக் காண்டலுக்கு உரியது. ‘ஆகவே’, ‘எனவே’, ‘ஆதலின்’, ‘போலும்’, ‘எனலாம்’ என்பன கருதலுக்கு உரியன. ‘என்ப’, ‘என்பர்’, ‘எனக் கூறுவர்’, ‘எனக் கொள்ளப்படும்’ என்பன உரைக்கு உரியன. ஒன்றன் அடையாளத்தை மற்றொன்று பூணும்போதே திறனாய்வு பிழைபடுகின்றது.

முதலில் ‘முதல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869ஆம் ஆண்டு வெளிவந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பொருளாகக் கொண்டது. கும்மி வடிவில் அமைந்தது. இவை காண்டலின்பாற்படும் செய்திகள். அந்நூல் தொழிலாளர் பக்கம் நில்லாது தோட்டத்துரைமாரின் நோக்கைச் சார்ந்து நின்றது என்பர். இது நூலைப் படித்தவர் கூறும் உரை, படிப்பவர் ஒவ்வொருவரும் சோதித்தறியத்தக்கது. ‘ஆகவே மலையகத்தின் முதல் இலக்கியம் இதுவே’ என்ற முடிபு மூன்றாவது வகையைச் சார்ந்தது. இம்முடிபில் வரும் ‘ஆகவே’ தன்னுள் ஒரு வரைவிலக்கணத்தை மறைத்து வைத்திருக்கின்றது. மலையகத்தைப் பற்றி எழுதப்பட்டது மலையக இலக்கியமா? மலையக மக்களால் எழுதப்பட்டதா? அம்மக்களின் நோக்கில் எழுதப்பட்டதா? முதல் வரைவிலக்கணத்தின்படி கும்மி முதலிடம் பெறக்கூடும். மூன்றாவதன்படி அது அவ்விலக்கியத்துக்கு வெளியே நிற்கவும் கூடும். அச்சேறாத தாலாட்டும் ஒப்பாரியும் கணக்கிற் சேர்க்கப்படுமாயின், ‘முதல்’ என்ற சொல்லுக்கே பொருளில்லாது போகின்றது. வரைவிலக்கணத்தை வெளிப்படையாகக் கூறியபின் ‘ஆகவே’ என எழுதுபவர் வாதிடுகின்றார்; அதனை மறைத்து ‘ஆகவே’ என எழுதுபவர் வாசகரை நம்பச் செய்கின்றார். இரண்டும் ஒன்றல்ல.

இதே ஆண்டு பிறிதொரு படிப்பினையையும் தருகின்றது. இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைநோய் கண்டறியப்பட்டதும் 1869ஆம் ஆண்டிலேயாகும். கோப்பிப் பயிரைப் பாடிய நூலும் கோப்பியைக் கொன்ற நோயும் ஒரே ஆண்டில் தோன்றின. இவ்விரு செய்திகளை உம்மை கொண்டு இணைப்பதில் இழுக்கில்லை, அது எண்ணும்மை. ஆனால், அழிவை முன்னுணர்ந்த குரல் கும்மியில் ஒலிக்கின்றதென எழுத முற்படுபவர், உம்மை நிற்க வேண்டிய இடத்தில் ‘ஆதலின்’ என்பதை நிறுத்துகின்றார். உடன்நிகழ்வு காரணமாகாது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டது 1867ஆம் ஆண்டு. அதாவது, நோய் வருமுன்னரே. ‘கோப்பி அழிந்தது, எனவே தேயிலை வந்தது’ என்ற வழக்கமான வாக்கியமும் இக்காரணத்தால் திருத்தம் வேண்டி நிற்கின்றது. கோப்பி அழிந்தமையால் தேயிலை பரவியது என்பதே பொருந்தும். வந்தது வேறு, பரவியது வேறு.

ஆசிரியர் வரலாற்றிலிருந்து படைப்பின் தன்மையைப் பெற முயலும்போது இவ்வழு மேலும் நுட்பமாக நுழைகின்றது. சி.வி. வேலுப்பிள்ளை 1914ஆம் ஆண்டு பூண்டுலோயாவைச் சார்ந்த மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பிற் பாராளுமன்றம் புகுந்த எழுவருள் அவரும் ஒருவர். தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை 1954இல் வெளிவந்தது, சக்தீ அ. பாலஐயா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். இச்செய்திகளிலிருந்து, ‘தோட்டத்திற் பிறந்தவர், எனவே தோட்ட வாழ்வை உள்ளவாறே எழுதினார்’ என ஒருவர் முடிவு செய்யலாம். அவர் பெரிய கங்காணிக் குடும்ப வழியில் வந்தவர் என்ற செய்தியை முன்வைத்து, ‘எனவே தொழிலாளியின் உள்ளம் அவருக்கு எட்டவில்லை’ என மற்றொருவர் முடிவு செய்யலாம். ஒரே வாழ்க்கை வரலாறு; ஒரே ‘எனவே’; நேர்மாறான இரு முடிபுகள். இரண்டும் கவிதையைத் திறந்து பாராமலே பெறத்தக்கன என்பதே இரண்டினதும் குற்றம். பிறப்பிடம் படைப்பைப் படிப்பதற்கு ஒரு வாயிலாகலாம். படைப்பைப் பற்றிய தீர்ப்பாகாது. தீர்ப்பு எழுத்திலிருந்தே எழ வேண்டும். அவ்வாறு எழும்போது அதற்கு முன் நிற்கும் ‘எனவே’ மேற்கோளையும் விளக்கத்தையும் தாங்கி நிற்கும்.

நாட்டார் பாடல்களைச் சான்றாகக் கொள்ளும் கட்டுரைகளில் உரை என்னும் அளவை பெரிதும் சோதனைக்குள்ளாகின்றது. தேயிலைத் தூரின் அடியிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என ஆசைகாட்டிக் கங்காணிகள் மக்களை அழைத்து வந்தனர் என்ற கதை மலையகத்தில் வழிவழியாக வழங்குவது. இங்கு உறுதியான செய்தி யாது? இக்கதை அம்மக்களிடையே வழங்குகின்றது என்பதே. கங்காணி இச்சொற்களையே சொன்னான் என்பதும், வந்தவர்கள் அதனை எழுத்துக்கு எழுத்து நம்பினர் என்பதும் உரையின் மேல் எழுந்த ஊகங்கள். ‘மக்கள் எளிதில் ஏமாந்தனர்’ எனக் கதையை வரலாறாக்கி எழுதும்போது, ஏமாற்றத்துக்கு ஆளானவர்கள் மீதே அறியாமைப் பழி சுமத்தப்படுகின்றது. சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சமும், நிலமற்றோரின் கடனும், சாதியின் கொடுமையும் மக்களை ஊரைவிட்டுத் துரத்தியமையை அறிந்தவர், தேங்காயும் மாசியும் பற்றிய கதையை வேறுவிதமாக வாசிக்கக் கூடும். பின்வந்த தலைமுறை தன் முன்னோரின் வருகையைக் கசப்பும் நகையும் கலந்து நினைவுகூர்ந்த வடிவம் அது போலும். இவ்வாசிப்பும் கருதலே, ஆதலின், ‘போலும்’ என்ற சொல் அங்கு நின்றேயாக வேண்டும்.

நாட்டார் பாடலையும் இயக்கப் பாடலையும் வேறுபடுத்தாது எழுதுதலும் இவ்வகைப்பட்டது. 1931ஆம் ஆண்டு ஹற்றனில் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கத்தைத் தோற்றுவித்த கோ. நடேசய்யரும், அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் பாடற் பிரசுரங்களை வெளியிட்டனர்; மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடித் தொழிலாளரை ஈர்த்தார். அப்பாடல்கள் கேட்போரை ஒன்றுதிரட்டும் நோக்கோடு இயற்றப்பட்டவை. அவை பிரசாரப் பாடல்கள் என்பது செய்தி. ‘பிரசாரப் பாடல்கள், ஆகவே இலக்கியமல்ல’ என்பது கருத்து. ‘பிரசாரப் பாடல்களேயாயினும், மெட்டின் பழக்கத்தைப் பயன்படுத்திப் புதிய அரசியற் சொற்களை எழுத்தறியாதோர் நாவில் ஏற்றின’ என்பதும் கருத்தே. ஆனால், பின்னைய கூற்றில் வரும் ‘ஆயினும்’ எதிர்த்தரப்பின் நியாயத்தை ஏற்று அதனைக் கடந்து செல்கின்றது. முன்னைய கூற்றில் வரும் ‘ஆகவே’ எதனையும் கடவாமல் கதவை அடைக்கின்றது.

இவ்வாராய்ச்சி நூல்நிலையத்துக்குள் முடிந்துபோகும் நுண்மையன்று. மலையக மக்களின் வாழ்வே இத்தகைய சொற்களால் அளக்கப்பட்டு வந்துள்ளது. பெரட்டுக் களத்தில் வாசிக்கப்படும் செக்ரோலில் ஒரு பெண்ணின் நாள் முழுதும் ‘பேர்’ அல்லது ‘அரைப்பேர்’ எனச் சுருங்கியது. தராசு காட்டும் நிறை கண்ணுக்குத் தெரிவது. கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் நிறை கழிப்பவரின் மதிப்பீடு. ஏட்டில் ஏறியபின் இரண்டும் ஒரே எண்ணாகிவிடும். எது நிறை, எது மதிப்பீடு எனப் பின்னர்ப் பிரித்தறிய இயலாது. காண்டலும் கருதலும் ஒன்றாகக் கலக்கும்போது இழப்பு யாருடையது என்பதைக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு எந்தத் தருக்க நூலும் கற்பிக்க வேண்டியதில்லை.

தராசில் நிகழ்ந்தது சட்டத்திலும் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை உரிமையற்றவராக்கியது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பிக்க வழிவிட்டது. ஆனால், 1946ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவ வேண்டும் என்றது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்கென விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. ‘எஞ்சியோரால் வதிவை நிறுவ இயலவில்லை, எனவே அவர்கள் இந்நாட்டில் நிலைத்து வாழ்ந்தவரல்லர்’ என ஒரு வாதம் அமைக்கப்படுமாயின், அதன் இடையிலுள்ள ‘எனவே’ எவ்வளவு பெரிய பள்ளத்தைத் தாண்டுகின்றது என்பது கவனிக்கத்தக்கது. நிறுவ இயலாமை வாழாமையன்று. பிறப்புப் பத்திரம் இல்லாதவன் பிறவாதவன் ஆகான்.

‘ஏறத்தாழ’ என்ற சொல்லின் கதை இதனினும் துயரமானது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோர் தொகையை ஏறத்தாழ 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் குறித்தது. அதிலிருந்து 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்கப்படும் என்றும் உடன்பாடாயிற்று. 1974இல் எஞ்சியோரும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தொடக்கத் தொகை ஒரு மதிப்பீடு. அதனை ஒப்பந்தமே ஒத்துக்கொண்டது. பின்னெழுந்த எழுத்துக்கள் பலவற்றில் ‘ஏறத்தாழ’ உதிர்ந்துவிட்டது. மதிப்பீடு எண்ணப்பட்ட தொகையாயிற்று. முழு ஆயிரங்களிற் பங்கிடப்பட்டவர்கள் எண்ணப்பட்டவரல்லர், மதிப்பிடப்பட்டவரே என்ற உண்மை அச்சொல்லோடு உதிர்ந்தது. ஒரு குடும்பத்தின் தமையன் மண்டபத்துக்கும் தங்கை மஸ்கெலியாவுக்கும் உரியராகிய சோகத்தைச் சிறுகதையிற் படித்து உருகும் திறனாய்வாளர், தம் அடிக்குறிப்பில் அச்சொல்லைக் கைவிடுதல் பொருந்தாது.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழலாம். ஒடுக்கப்பட்டோரின் எழுத்தைப் பற்றிப் பேசும்போது ‘போலும்’ எனவும் ‘எனலாம்’ எனவும் தயங்குவது கோழைத்தனமன்றோ, சினம் கொள்ள வேண்டிய இடத்தில் இலக்கணம் பேசுவது ஆதிக்கத்துக்குத் துணைபோவதன்றோ என வினவப்படலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஏனெனில், பொய்யான தேற்றத்தைப் போலவே பொய்யான ஐயமும் ஒரு வழுவாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயன் அறையிற் பல தலைமுறைகள் ஒருங்கே வாழ்ந்தமை கண்கூடு. அதனை ‘வாழ்ந்ததாகக் கூறப்படுகின்றது’ என எழுதுபவர் நடுநிலை காப்பவரல்லர். காண்டலை உரையாகத் தாழ்த்துபவர். ‘கூறப்படுகின்றது’ என்ற செயப்பாட்டு வினை கூறியவரையும் மறைத்து, ஏற்றவரையும் மறைத்து, எவர்மீதும் பொறுப்பில்லாத ஒரு கூற்றை உலவவிடுகின்றது. 1940ஆம் ஆண்டு முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானமை நிகழ்ச்சி. அதற்கு ஐயச்சொல் எதுவும் வேண்டியதில்லை, வியப்புச்சொல்லும் வேண்டியதில்லை. அந்நிகழ்ச்சி மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் திருப்புமுனை எனக் கூற விரும்புபவர் அதற்குரிய காரணங்களை அடுக்கிய பின்னரே கூற வேண்டும். வெறும் செய்தி தானே சுடும். அடைமொழி அதன் வெப்பத்தைத் தணிக்கவே செய்யும்.

எனவே, ஐயச்சொற்களைப் பெருக்குதலும் தேற்றச்சொற்களைப் பெருக்குதலும் தீர்வல்ல. ‘சந்தேகத்துக்கிடமின்றி’, ‘சொல்லாமலே விளங்கும்’, ‘யாவரும் அறிந்ததே’ என்பன தாம் வாக்களிக்கும் சான்றைத் தருவதில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்றைப் பற்றி எவரும் சந்தேகம் என்ற சொல்லையே எடுப்பதில்லை. யாவரும் அறிந்ததாயின் எழுத வேண்டியதில்லை. எழுத வேண்டியதாயின் யாவரும் அறிந்ததன்று. வாதம் மெலிந்த இடத்திலேயே இத்தொடர்கள் அடர்ந்து காணப்படும் என்பது பயின்ற வாசகர் கண்டறியத்தக்க ஓர் அடையாளம்.

காலம் உணர்த்தும் சொற்களும் இவ்வாறே விழிப்பை வேண்டுவன. ‘இன்றும் மலையக மக்கள் நாடற்றவர்’ என்ற வாக்கியம் ஒரு காலத்திற் கசப்பான செய்தி. 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்கும் பின்னர் அதனை அவ்வாறே எழுதுதல் பழைய கட்டுரையைப் பார்த்தெழுதுதலாகும். ‘பிரசாவுரிமை கிடைத்துவிட்டது; ஆகவே பிரச்சினை தீர்ந்தது’ என எழுதுதலோ அதனினும் பெரிய பிழை. காணியும் வீடும் கூலியும் வாக்குச்சீட்டோடு தாமே வந்து சேர்வனவல்ல. ‘உரிமை கிடைத்தது; எனினும்’ எனத் தொடங்கும் வாக்கியமே இன்றைய நிலைக்குப் பொருந்துவது. 2023ஆம் ஆண்டு, வருகையின் இருநூறாண்டு நிறைவை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தது. 1823 தொடக்க ஆண்டாகக் கொள்ளப்படுகின்றது; நடைபயணம் நிகழ்ந்தது. ‘கொள்ளப்படுகின்றது’ என்பதற்கும் ‘நிகழ்ந்தது’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காப்பதால் அந்நினைவின் பெருமை குன்றுவதில்லை. ஒரு சமூகம் தன் தொடக்கத்துக்கென ஓர் ஆண்டைத் தானே தெரிந்துகொண்டு, அதனை முன்வைத்து நடந்தது என்பதே அங்கு மெய்யான வரலாற்றுச் செய்தியாகும்.

ஆக்கவிலக்கியம் இக்கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதன்று என்பதும் மறக்கலாகாது. சிறுகதையில் வரும் கிழவி ‘போலும்’ என்று பேச வேண்டியதில்லை. கண்டதையும் கேட்டதையும் கனவையும் அவள் ஒன்றாகவே பேசுவாள். என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ முதலான கதைகளைப் படிப்பவர் அவற்றிற் சான்றையன்று, வாழ்வையே எதிர்பார்க்கின்றார். ஆனால், அக்கதையைப் பற்றி எழுதுபவருக்கு அச்சலுகை இல்லை. கதைமாந்தர் கூற்றை ஆசிரியர் கூற்றாகவும், ஆசிரியர் கூற்றை வரலாறாகவும் எடுத்தாளும்போது, கதைக்கும் கேடு, வரலாற்றுக்கும் கேடு. ‘இக்கதையின் கங்காணி கொடியவன்’ என்பதற்கும் ‘கங்காணிகள் கொடியவர்’ என்பதற்கும் இடையே நீண்ட வழி உண்டு. அவ்வழியைக் கடக்கத் துண்டு முறையையும், முற்பணக் கடனையும், 1921ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்பட்டமையையும் ஆராய்தல் வேண்டும். ‘எனவே’ என்ற ஒரு சொல் அவ்வாராய்ச்சிக்கு ஈடாகாது.

பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவரில் மலையகத்திலிருந்து வருவோர் தொகை பெருகிவரும் இக்காலத்தில், அவர்தம் வரலாற்றை அவர்களே எழுதும் நிலை தோன்றியுள்ளது. பிறர் எழுதிய அறிக்கைகளிலும் ஒப்பந்தங்களிலும் ஒரு சமூகத்தைப் பற்றிய மதிப்பீடுகள் செய்தி வேடம் பூண்டு நின்றன. அவற்றை மறுத்தெழுதும் பேனா அதே வேடத்தைத் தானும் பூணுமாயின், மறுப்பு வலுவிழக்கும். கண்டதைக் கண்டதாகவும், கருதியதைக் கருதியதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுதல் மொழிநடைப் பயிற்சி மட்டுமன்று. தராசின் முள்ளை நேராக நிறுத்தக் கேட்ட மக்களுக்கு, அவர்களைப் பற்றி எழுதுவோர் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச நேர்மையும் அதுவேயாகும்.